வளைகாப்பு மாசத்துல ஏறும் சக்கரை

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எது வேணுமோ எடுத்துட்டு வந்து உக்காருங்க. சக்கரை போடுறதும் போடாததும் உங்க இஷ்டம் :-)

எங்க தளவாய்புரம் பக்கம் ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு வைப்பாங்க. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சக்கரைப் பொங்கல்னு வகை வகையாச் சோறு கட்டிட்டு வருவாங்க. தட்டுல அதிரசம், முறுக்கு இருக்கும். ராஜபாளையத்தைத் தாண்டினா ஸ்ரீவில்லிபுத்தூர், அதனால பால்கோவா இல்லாத வளைகாப்பே கிடையாது. புள்ளத்தாச்சி "போதும்"னு சொன்னாலும் விட மாட்டாங்க. ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்ல!

இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு வியப்பு உண்டு. ஒரு பெண்ணோட உடம்புல இன்சுலின் வேலை செய்யாம மக்கர் பண்ண ஆரம்பிக்கிறது சரியா இந்தச் சமயத்துலதான், அதாவது ஆறாம் மாசக் கடைசி, ஏழாம் மாசம். உலகம் முழுக்க மருத்துவர்கள் கர்ப்பகாலச் சக்கரையைத் தேடுற 24-லிருந்து 28 வாரம்ங்கிற கணக்கும் நம்ம வளைகாப்புக் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணாப் போகுது. இதை வச்சு 'நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்'னு ஃபார்வர்டு மெசேஜ் எழுதிடாதீங்க. அவங்க அறிஞ்சிருந்தா சக்கரைப் பொங்கலைத் தட்டுல வச்சிருக்க மாட்டாங்க.

இந்த நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, யார் யார் எங்கெங்க சறுக்கினாங்க, கடைசியில நம்ம சென்னைக்காரர் ஒருத்தர் பேரு எப்படி இதுல வந்துச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல உடம்புக்குள்ள நடக்கிற சங்கதி. இது புரியலைன்னா பின்னாடி வர்ற சண்டை எதுவுமே புரியாது.

நஞ்சுக்கொடியை நாம வெறும் குழாய் மாதிரி நினைக்கிறோம். இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் பிள்ளை, நடுவுல சோறு போற பைப். ஆனா நஞ்சு அப்படி ஒரு சும்மா இருக்கிற உறுப்பு இல்லை, அது பெரிய ஹார்மோன் ஃபாக்டரி. 1962-ல அமெரிக்காவுல ஜோசிமோவிச், மக்லாரன்னு ரெண்டு பேர் நஞ்சுக்குள்ள இருந்து ஒரு ஹார்மோனைக் கண்டுபிடிச்சாங்க. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் மாதிரியும் இருக்கு, வளர்ச்சி ஹார்மோனோட சொந்தக்காரன் மாதிரியும் இருக்கு. பிளாசென்டல் லாக்டோஜன்னு பேரு. பிள்ளை வளர வளர நஞ்சு வளருது, நஞ்சு வளர வளர இந்த ஹார்மோனும் தாயோட ரத்தத்துல ஏறிட்டே போகுது. கூடவே புரோஜெஸ்டிரோன், கார்டிசால், நஞ்சே தயாரிக்கிற தனி வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூட்டணி சேருது.

இந்தக் கூட்டணி என்ன பண்ணுதுன்னா, தாயோட தசைகிட்டயும் கொழுப்புகிட்டயும் போய் "இன்சுலின் வந்து கதவைத் தட்டினா உடனே திறக்காதே"ன்னு சொல்லுது. தாய் சாப்பிட்ட சக்கரை அவ உடம்புக்குள்ள சட்டுனு போகாம ரத்தத்துலயே கொஞ்ச நேரம் நிக்கும். அந்த நேரத்துல நஞ்சு வழியாப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பஞ்ச காலத்துல கூட பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதுன்னு இயற்கை போட்ட ஏற்பாடு. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல இன்சுலினுக்குத் தாயோட உடம்பு பணியிற அளவு ஏறத்தாழ பாதியாக் குறைஞ்சிரும்.

அப்படின்னா எல்லாப் புள்ளத்தாச்சிக்கும் சக்கரை வரணுமே? வர்றதில்லை. ஏன்னா கணையம் சும்மா இருக்காது. இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்கள் பெருகும், ரெண்டு மடங்கு மூணு மடங்கு இன்சுலினை ஊத்தும். நஞ்சு ஒரு பக்கம் இழுக்குது, கணையம் மறுபக்கம் இழுக்குது, வடம் நடுவுலயே நிக்குது. எந்தப் பெண்ணோட கணையத்துக்கு அந்த மேலதிக பலம் இல்லையோ அவளுக்குத்தான் வடம் சாயும். அதுதான் கர்ப்பகாலச் சக்கரை. பிரசவம் ஆகி நஞ்சு வெளியே விழுந்ததும் எதிர்ப்பக்கத்து ஆளே காணாமப் போயிருவான். பெரும்பாலானவங்களுக்கு சக்கரை ஒண்ணு ரெண்டு நாள்லயே இறங்கிரும். "பிள்ளை பிறந்ததும் சரியாப் போச்சு"ன்னு வீட்டுல சொல்றது பொய்யில்லை. ஆனா அது பாதிக் கதை. மீதியைக் கடைசியில சொல்றேன்.

இனி வரலாறு. 1824-ம் வருஷம், பெர்லின். பென்னவிட்ஸ்னு ஒரு இளம் மருத்துவர் பட்டத்துக்காக லத்தீன்ல ஒரு ஆய்வேடு எழுதுறார். ஃப்ரெடெரிக்கா பேப்னு 22 வயசுப் பொண்ணு, அஞ்சாவது பிரசவத்துக்குக் காத்திருக்கிறவ. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கலை, நீர் நீராப் போகுது, உடம்பு தளர்ந்து போச்சு. சிறுநீர்ல சக்கரை இருக்கிறதைப் பார்த்துட்டாங்க. அந்தக் கால வழக்கப்படி ரத்தத்தைக் கொஞ்சம் இறக்கி விட்டாங்க, சாப்பாட்டை மாத்தினாங்க. அவ பிரசவிச்சா. பிள்ளை 12 பவுண்டு! நம்ம கணக்குல அஞ்சரைக் கிலோ பக்கம். பென்னவிட்ஸ் அதை ஹெர்குலிஸோட ஒப்பிட்டு எழுதினார். ஆனா அந்தப் பிள்ளை பிரசவத்துலயே செத்துப் போச்சு. தாய்க்குப் பிரசவத்துக்கு அப்புறம் சக்கரை மறைஞ்சு போச்சு.

பென்னவிட்ஸ் அங்க ஒரு முடிவுக்கு வந்தார்: இந்தச் சக்கரை கர்ப்பத்தோட அறிகுறி, கர்ப்பத்தாலயே வந்தது. ஹார்மோன்ங்கிற சொல்லே பிறக்காத காலம் அது. இன்சுலின் வர இன்னும் நூறு வருஷம் இருக்கு. ஒரே ஒரு நோயாளியை வச்சு இவ்வளவு சரியாச் சொன்னது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். பெரிய பிள்ளை, தாயோட சக்கரை, பிரசவத்துக்கு அப்புறம் மறையறதுன்னு மூணையும் ஒரே மனுஷன் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டார்.

பிறகு? பிறகு ஒண்ணுமில்லை. 1882-ல லண்டன்ல மாத்யூஸ் டங்கன் இருபதுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கர்ப்பங்களைத் திரட்டி மகப்பேறு சங்கத்துல வாசிக்கிற வரைக்கும் பெருசா யாரும் சீண்டலை. டங்கன் காட்டினது பயங்கரமான கணக்கு. தாய்களும் செத்தாங்க, பிள்ளைகளும் செத்தாங்க. இன்சுலினுக்கு முந்தின காலத்துல சக்கரை நோயோட கர்ப்பமானவங்கள்ல நாலுல ஒருத்தர் சாகுறதும், பிள்ளைகள்ல பாதிக்குப் பக்கம் தங்காததும் சாதாரணம். அதுக்கும் முன்னாடி, சக்கரை உள்ள பெண்கள்ல பல பேர் கருத்தரிக்கவே மாட்டாங்க. அதனால இது 'அரிய நோய்'ங்கிற பேரோடயே கிடந்துச்சு.

இன்னொரு குழப்பமும் இருந்துச்சு. அன்னிக்கு சக்கரையைப் பார்க்கிற ஒரே இடம் சிறுநீர். ஆனா கர்ப்பத்துல சிறுநீரகம் கொஞ்சம் தாராளமாயிரும், ரத்தத்துல சக்கரை சரியா இருக்கும்போதே கொஞ்சத்தை வெளியே விட்டுரும். போதாக்குறைக்கு பால் கட்டுற சமயத்துல பால் சக்கரையும் சிறுநீர்ல வரும். (அது வேற சக்கரைன்னு 1877-ல ஹோஃப்மைஸ்டர் பிரிச்சுக் காட்டினார்.) ஆக சிறுநீர்ல சக்கரை இருந்தா நோய்னும் சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை. இதை நம்பி எத்தனை பேர் பயந்தாங்களோ, எத்தனை பேர் பயப்பட வேண்டிய இடத்துல நிம்மதியா இருந்தாங்களோ.

1921-ல டொரன்டோவுல பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை எடுத்தாங்க. 1922 ஜனவரியில 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. தாய்கள் சாகுறது சீக்கிரமே குறைஞ்சிருச்சு. ஆனா பிள்ளைகள் சாகுறது அந்த வேகத்துல குறையலை. தாய் தப்பிச்சுட்டா, பிள்ளை ஏன் கடைசி மாசத்துல வயித்துக்குள்ளயே அடங்கிப் போகுது? இந்தக் கேள்விதான் அடுத்த முப்பது வருஷத்தை ஆட்டிப் படைச்சது.

இந்த இடத்துல ஒரு பெண்மணி வர்றாங்க, பிரிசில்லா வைட். பாஸ்டன்ல எலியட் ஜாஸ்லினோட மருத்துவமனையில 1924-ல சேர்ந்தாங்க. அம்பது வருஷம் சக்கரையுள்ள கர்ப்பிணிகளுக்காகவே உழைச்சாங்க. சேரும்போது நூத்துக்கு 54 பிள்ளைதான் பிழைச்சதுன்னும், ஓய்வு பெறும்போது அது 90-ஐத் தாண்டினதுன்னும் சொல்வாங்க. எந்தக் கர்ப்பிணிக்கு எவ்வளவு ஆபத்துன்னு அவங்க 1949-ல போட்ட ஏ, பி, சி வரிசைதான் 'வைட் வகைப்பாடு'. மகப்பேறு படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

ஆனா வைட் அம்மாவோட கதையில ஒரு இருட்டுப் பக்கம் உண்டு. நம்ம தலைப்பு ஹார்மோன்ங்கிறதால அதைச் சொல்லாமப் போக முடியாது. பிள்ளை சாகுறதுக்குக் காரணம் சக்கரை மட்டும் இல்லை, நஞ்சோட ஹார்மோன்கள் குறையறதுதான்னு அவங்க நம்பினாங்க. அதே பாஸ்டன்ல ஸ்மித் தம்பதி (ஜார்ஜ், ஆலிவ்) ஹார்மோன் அளவுகளை வச்சு இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க. அப்பத்தான் 1938-ல லண்டன்ல செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஒண்ணு தயாராச்சு, ஸ்டில்பெஸ்ட்ரால். மலிவு, வாய் வழியா சாப்பிடலாம். குறையிற ஹார்மோனை நாமளே கொடுத்துட்டா என்ன? கொடுத்தாங்க. பிள்ளைகள் பிழைச்சாங்க. 'பாருங்க, ஹார்மோன் வேலை செய்யுது!'

வேலை செஞ்சது ஹார்மோனா, இல்ல வாரா வாரம் கூப்பிட்டுப் பார்த்ததும் சக்கரையைக் கட்டுக்குள்ள வச்சதும் சரியான வாரத்துல பிள்ளையை எடுத்ததுமா? இதைப் பிரிச்சுப் பார்க்க ஒரே வழி, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறது. பிரிட்டன்ல மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் செஞ்சுது. முடிவு 1955-ல லான்செட்ல வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு, ஹார்மோனால ஒரு பிரயோஜனமும் இல்லை. சாதாரணக் கர்ப்பிணிகள்கிட்ட சிகாகோவுல செஞ்ச சோதனை 1953-லயே இதைத்தான் சொல்லியிருந்துச்சு. ஆனாலும் எழுதிக் கொடுக்கிறது நிக்கலை. 1971-ல அதே பாஸ்டன்ல ஹெர்ப்ஸ்ட்னு ஒரு மருத்துவர், இளம் பெண்களுக்கு வரவே வராத ஒரு வகைப் புற்றுநோய் எட்டுப் பேருக்கு வந்ததைப் பார்த்துத் துருவினார். எட்டுல ஏழு பேரோட அம்மாக்கள் கர்ப்பத்துல ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டவங்க.

நல்ல மனசு இருந்துச்சு, திறமை இருந்துச்சு, நோயாளிகள் மேல பாசம் இருந்துச்சு, கையில ஒரு அழகான தத்துவமும் இருந்துச்சு. அளந்து பார்க்கிறது மட்டும் தாமதமா வந்துச்சு. வைட் அம்மாவைத் திட்டறதுக்காக இதை எழுதலை. அவங்களாலதான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உசுரோட பிறந்தாங்க, அதுலயும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிள்ளை விஷயத்துல சரியான பதிலைச் சொன்னவர் டென்மார்க்காரர், யோர்கன் பெடர்சன். கோபன்ஹேகன்ல 1950-களோட தொடக்கத்துல அவர் சொன்னது ரொம்ப எளிமையானது. தாயோட சக்கரை நஞ்சைத் தாண்டும், தாயோட இன்சுலின் தாண்டாது. அப்ப உள்ள இருக்கிற பிள்ளைக்கு வர்ற கூடுதல் சக்கரையை யார் சமாளிக்கிறது? பிள்ளையோட சொந்தக் கணையம். அது ராப்பகலா இன்சுலின் சுரக்கும். இன்சுலின்ங்கிறது பிள்ளைக்கு வளர்ச்சி உரம் மாதிரி. பிள்ளை கொழுத்துப் பெருக்கும், தோள் அகலும், பிரசவத்துல மாட்டும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டினதும் சக்கரை வரத்து நிக்கும், ஆனா பிள்ளையோட இன்சுலின் நிக்காது. அதனால பிறந்த சில மணி நேரத்துக்குள்ள பிள்ளைக்குச் சக்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். பென்னவிட்ஸ் பார்த்த ஹெர்குலிஸுக்கு 130 வருஷம் கழிச்சு விளக்கம் கிடைச்சிருச்சு.

எங்க வீட்டுல பெரியவங்க சொல்ற கதை ஒண்ணு இருக்கு. தூரத்து உறவுல ஒரு அத்தைக்கு வீட்டுலயே பிரசவம். "அம்மாடி, ஆறு மாசப் புள்ள மாதிரி பொறந்துச்சு"ன்னு ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சாம். மறுநாள் வெட்டி வெட்டி இழுத்து அடங்கிருச்சு. கண்ணு பட்டுருச்சுன்னாங்க. அத்தைக்கு நாப்பது வயசுக்குள்ள சக்கரை நோய் வந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அன்னிக்கு ஊர்ல யாருக்கும் தெரியாது. பெடர்சனைப் படிக்கும்போது எனக்கு அந்த அத்தை ஞாபகம்தான்.

இதுவரைக்கும் பேசினது பெரும்பாலும் ஏற்கனவே சக்கரை உள்ள பெண்கள். கர்ப்பத்துல மட்டும் வந்து போற சக்கரைக்குத் தனி அடையாளம் கிடைச்சது 1950-கள்லதான். பெல்ஜியத்துல ஹூட்னு ஒரு மருத்துவர் 1954-ல இதை விரிவா எழுதினார். 1957-ல பிலடெல்ஃபியாவுல எல்சி காரிங்டன் 'ஜெஸ்டேஷனல் டயாபடீஸ்'ங்கிற பேரைப் பயன்படுத்தினாங்க. பேரு வந்தாச்சு. ஆனா எவ்வளவு இருந்தா நோய்?

1964-ல ஜான் ஓ'சலிவன்ங்கிற மருத்துவரும் கிளேர் மாஹன்ங்கிற புள்ளியியல் நிபுணரும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூணு மணி நேரத்துக்கு ரத்தத்தை எடுத்துப் பார்த்தாங்க. சராசரியைப் போட்டு, அதுக்கு மேல ரெண்டு படி தள்ளி ஒரு கோடு கிழிச்சாங்க. அந்தக் கோட்டைத் தாண்டின பெண்களுக்குப் பின்னாடி வருஷங்கள்ல நிரந்தரச் சக்கரை வருதான்னு இன்னொரு ஆயிரம் பேரை வச்சுச் சரிபார்த்தாங்க. கவனிச்சீங்களா? அந்தக் கோடு பிள்ளைக்காகக் கிழிச்சது இல்லை, தாய்க்குப் பின்னாடி சக்கரை வருமான்னு ஜோசியம் பார்க்கக் கிழிச்சது. அதை வச்சுத்தான் பல பத்து வருஷம் பிள்ளைகளோட தலைவிதியும் எழுதப்பட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் நடக்கிற சண்டைக்கு விதை இங்கதான் விழுந்துச்சு.

இனி நம்ம ஊர். சென்னையில ஸ்டான்லி மருத்துவமனையில 1948-லயே மருத்துவர் எம். விஸ்வநாதன் சக்கரைக்குன்னு தனிப்பிரிவு தொடங்கினார். 1954-ல ராயபுரத்துல தனி மருத்துவமனையே தொடங்கினார். 1978-ல சென்னை மருத்துவக் கல்லூரியில தனித் துறையை உருவாக்கினவர் மருத்துவர் வீ. சேஷய்யா. கர்ப்பகாலச் சக்கரையைப் பத்தி இந்தியாவுல யார் பேசினாலும் இவர் பேரைச் சொல்லாமப் பேச முடியாது. 2022-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ கர்ப்பகாலச் சக்கரை விழிப்புணர்வு நாளாக் கடைப்பிடிக்கிறாங்க.

சேஷய்யாவும் அவரோட குழுவும் தமிழ்நாட்டுல 12,056 கர்ப்பிணிகளைச் சோதிச்சு 2008-ல முடிவை வெளியிட்டாங்க. நகரத்துல 17.8 சதவீதம், அரை நகரத்துல 13.8, கிராமத்துல 9.9. நகரத்துக் கணக்கைப் பார்த்துப் பத்திரிகைகள் அலறினதைவிட எனக்கு அந்தக் கடைசி எண்தான் உறைச்சது. கிராமத்துல பத்துல ஒரு புள்ளத்தாச்சி! சக்கரைன்னா வசதி உள்ளவங்க வியாதின்னு சொல்லிட்டிருந்த காலம்.

அதுக்கு முந்தின வருஷமே, 2007-ல, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சக்கரை பார்க்கணும்னு தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டிருச்சு. இந்தியாவுல இதைச் செஞ்ச முதல் மாநிலம் நாமதான். மத்திய அரசோட தேசிய வழிகாட்டி நெறிமுறை 2014 டிசம்பர்லதான் வந்துச்சு, 2018-ல திருத்தினாங்க.

உத்தரவு போடுறது சுலபம். எப்படிப் பார்க்கிறது? புத்தகப்படி பார்த்தா ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காலையில ரத்தம், அப்புறம் குளுக்கோஸ், அப்புறம் திரும்பவும் ரத்தம். இதை நம்ம ஊர்ல யோசிச்சுப் பாருங்க. எங்க தளவாய்புரத்துல தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேக்கும், நைட்டி தைக்கிற ஊர். பீஸ் கணக்குக்குக் கூலி. ஒரு நாள் மிஷின்ல உக்காரலைன்னா அன்னிக்குக் காசு இல்லை. அந்தப் பொண்ணு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றா. "நீ சாப்பிட்டுட்டு வந்துட்டியேம்மா, நாளைக்கு வெறும் வயித்தோட வா"ன்னா, நாளைக்கு வருவாளா? மசக்கையில வெறும் வயித்தோட பஸ்ல வர்றது வேற. முக்கால்வாசிப் பேர் வர மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சேஷய்யா குழு (டிப்சின்னு சொல்வாங்க) சொன்ன வழி இதுதான்: சாப்பிட்டாளா, சாப்பிடலையான்னு கேட்கவே வேண்டாம். வந்த அன்னிக்கே 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணியில கரைச்சுக் கொடு. சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ரத்தம். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சக்கரை. அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா மறுநாள் திரும்பவும். அவ்வளவுதான். கணையம் ஒழுங்கா இருக்கிற பொண்ணுக்குச் சாப்பாட்டு மேல குளுக்கோஸை ஊத்தினாலும் சமாளிச்சிருவா, பலம் இல்லாதவ மாட்டிக்குவாங்கிறது அவங்க வாதம். 24 வாரத்துக்காகக் காத்திருக்காம முதல் தடவை வரும்போதே ஒண்ணு, அப்புறம் 24-28 வாரத்துல இன்னொண்ணுன்னு தேசிய நெறிமுறையிலயும் இதுதான் ஏறுச்சு.

எதிர்ப்பு வந்துச்சு. அதுவும் வெளியூர்ல இருந்து வரலை, சென்னையிலயே. விஸ்வநாதனோட மகன் மருத்துவர் வி. மோகன் குழு 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. ஒரே பெண்களுக்குச் சாப்பிட்ட நிலையில ஒரு தடவை, வெறும் வயித்துல இன்னொரு தடவைன்னு ரெண்டு சோதனையும் செஞ்சு பார்த்தாங்க. வெறும் வயித்துச் சோதனையில மாட்டினவங்கள்ல மூணுல ஒரு பங்குகூட சாப்பிட்ட நிலையில மாட்டலை. அதாவது மீதிப் பேர் "உனக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னு வீட்டுக்கு அனுப்பப்படுவாங்க. இது சின்ன விஷயமா?

இதே சமயத்துல உலக அளவுலயும் கோடு நகர்ந்துட்டு இருந்துச்சு. 2008-ல ஹேப்போன்னு ஒரு பெரிய ஆய்வு, ஒன்பது நாடு, 23,000-க்கும் மேல கர்ப்பிணிகள். தாயோட சக்கரை ஏற ஏற பிள்ளைக்கு ஆபத்து படிப்படியா ஏறுது, 'இதுக்குக் கீழ பயமில்லை'ன்னு ஒரு கோடே இல்லைன்னு தெரிஞ்சுது. கோடே இல்லாத இடத்துல மனுஷன் கோடு கிழிச்சாகணும். 2010-ல சர்வதேச நிபுணர் குழு கிழிச்சது: வெறும் வயித்துல 92, ஒரு மணி நேரத்துல 180, ரெண்டு மணி நேரத்துல 153. எதுல ஒண்ணு தொட்டாலும் நோய். எங்கெங்கயோ கர்ப்பிணிகள் எண்ணிக்கை ஒரே ராத்திரியில கூடிருச்சு, யாரும் புதுசா நோய்வாய்ப்படாமலே!

நான் மருத்துவன் இல்லை. என் கருத்தைக் கேட்டா, எங்க ஊர்ப் பக்கத்துல டிப்சி வழிதான் நடக்கிற காரியம். வராத பொண்ணுக்கு எவ்வளவு துல்லியமான சோதனை இருந்து என்ன? ஆனா மோகன் குழு காட்டின எண்ணை மறைச்சுட்டு இதைச் சொல்லக் கூடாது. வெறும் வயித்தோட வரக்கூடியவ வந்தா அப்படிப் பார்க்கிறதுல யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொண்ணு, கண்டுபிடிச்சா பலன் உண்டாங்கிற கேள்விக்கு 2005-லயே பதில் கிடைச்சிருச்சு. ஆஸ்திரேலியாவுல ஆயிரம் பெண்களை வச்சு நடந்த சோதனையில, சிகிச்சை கிடைச்ச பக்கம் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் 1 சதவீதம், கிடைக்காத பக்கம் 4. அந்தச் சிகிச்சையோ பெரும்பாலும் சாப்பாட்டை மாத்துறதும் சக்கரையைப் பார்த்துக்கிறதும்தான். தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் இன்சுலின்.

நம்ம தேசிய நெறிமுறையும் அதையேதான் சொல்லுது. ரெண்டு வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 120-க்குள்ள வந்துட்டா மருந்தே வேண்டாம், வரலைன்னாதான் மருந்து. "இன்சுலின் போட்டா புள்ளைக்கு ஆகாது"ன்னு பயப்படுற மாமியார்களுக்குப் பெடர்சன் சொன்னதுதான் பதில். தாய்க்குப் போடுற இன்சுலின் நஞ்சைத் தாண்டிப் பிள்ளைகிட்ட போறதில்லைங்க.

மேல பாதிக் கதைன்னு சொன்னேனே, மீதி இது. நஞ்சு போயிருச்சு, சக்கரை இறங்கிருச்சு. ஆனா வடம் இழுக்கப் பலமில்லாத அந்தக் கணையம் அதே கணையம்தான். வயசும் எடையும் கூடும்போது அது திரும்பவும் தோற்கும். ஓ'சலிவன் கோடு கிழிச்சதே இதுக்குத்தானே. அதனால பிரசவம் ஆகி ஆறு வாரத்துல திரும்பவும் ஒரு தடவை பார்க்கணும், அப்புறமும் விடாமப் பார்த்துட்டே வரணும்னு நெறிமுறையிலயே இருக்கு. பிள்ளைக்கும் தொடரும். மைசூர்ல 1990-களோட கடைசியில தொடங்கின ஒரு நீண்ட ஆய்வுல, சக்கரை இருந்த தாய்களோட பிள்ளைகளை வளர வளரப் பார்த்தாங்க. அஞ்சு வயசுலயே பெண் பிள்ளைகள்கிட்ட கொழுப்பும் இன்சுலினும் கூடுதலா இருந்துச்சு. அந்தப் பெண் பிள்ளைகள் நாளைக்குப் புள்ளத்தாச்சி ஆகும்போது...

ஆறு வாரச் சோதனைக்கு எங்க தெருவுல எத்தனை பேர் போனாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சேன். கைப்பிள்ளையைத் தூக்கிட்டு ரெண்டு மணி நேரம் யார் உக்காருறதுன்னு ஒருத்தி கேட்டா. இன்னொரு மதினி, "தடுப்பூசிக்குப் போன அன்னிக்கே எனக்கும் பார்த்து விட்டுட்டாங்களே, உனக்குத் தெரியாதா?"ன்னா. பிள்ளைக்கு ஆறாம் வாரத்துலதான் முதல் பென்டாவேலன்ட் ஊசி. ரெண்டுக்கும் ஒரே நாள், ஒரே பஸ் டிக்கெட்!

உங்க ஊர்ல எப்படிப் பார்க்கிறாங்க, வெறும் வயித்தோடவா, சாப்பிட்டுட்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்து சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி பத்தி எழுதலாம்னு இருக்கேன்.